கரையைக் குடைந்த பெருச்சாளி

காட்டோரத்து ஏரியின் கரையை ஒரு பெருச்சாளி பராமரித்து வந்தது. எங்கே கசிந்தாலும் களிமண் அப்பி அடைப்பது அதன் வேலை. பல ஏரிகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பெருச்சாளி அது. வெறுமனே ஓட்டை அடைத்துக்கொண்டிருக்க அதற்கு மனம் வரவில்லை.

ஒருநாள் நத்தை வந்தது.

"அண்ணே, கரை ஏறி இறங்குறதுக்குள்ள பொழுது சாய்ஞ்சுடுது. நடுவுல ஒரு சின்ன வழி விட்டா என்ன?"

"இவ்வளவுதானா? நாளைக்கே வா."

கரையின் வயிற்றில் ஒரு சுரங்கம் உருவானது. நத்தையின் கொம்பு இடிக்காதபடி உள்ளே ஒரு வளைவு வேறு.

"நம்ம கை பட்டா மண்ணும் பேசும்," என்று பெருச்சாளி தன்னையே மெச்சிக்கொண்டது. சும்மா கிடந்த மண்ணை ஏன் பேசவைக்க வேண்டும் என்று மட்டும் அதற்குத் தோன்றவில்லை.

அடுத்து நண்டு வந்தது. "நான் பக்கவாட்டுல நடக்கிற ஆளுங்க. எனக்குன்னு கொஞ்சம் அகலமா ஒண்ணு."

அதுவும் ஆயிற்று. பிறகு அரணைக்கு ஒன்று. போகிறவர்கள் போனதும் சுரங்கத்தின் வாயை மண் வைத்து மூடிவிட வேண்டும் என்பது நிபந்தனை. எல்லாம் தலையாட்டின. எதுவும் மூடவில்லை. பெருச்சாளியே சுற்றிச் சுற்றி வந்து மூடியது.

கரைக்குக் கீழே வயலில், வெறுந்தரையில் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது ஓர் ஆள்காட்டிக் குருவி. அது கழுத்தை நீட்டிக் கேட்டது.

"ஏம்ப்பா, தண்ணிய நிறுத்தத்தானே கரை? அதுல போய் இத்தனை ஓட்டையா? என் முட்டைங்க கீழே கிடக்குது."

"ஓட்டை இல்லக்கா, வசதி."

மழை கொட்டியது. ஏரி நிரம்பியது. நண்டின் வழியில் மூடியிருந்த மண்ணைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் புகுந்து மறுபக்கம் பீய்ச்சியது.

"ஐயோ, முட்டைப் பக்கம் வருது!" என்று அலறியது ஆள்காட்டி.

பெருச்சாளி ஓடியது. அள்ளி வைத்த மண்ணெல்லாம் கரைந்து போனது. வேறு வழி தெரியாமல் திரும்பி உட்கார்ந்து, தன் பின்புறத்தாலேயே துவாரத்தை அடைத்தது. தண்ணீர் முட்டைகளுக்குச் சற்று முன்னால் நின்றது. ஏரியின் தவளைகள் வாயில் களிமண் கவ்விக்கொண்டு வந்து குவித்தன.

"அசைஞ்சிடாதப்பா," என்றது ஆள்காட்டி.

"எங்கக்கா அசையறது? இத்தனை ஏரி பார்த்த உடம்புல, உட்கார்ற இடம்தான் உருப்படியா வேலை செய்யுது."

மழை விட்டதும் பெருச்சாளி நத்தையைக் கேட்டது. "உன் வழியில எத்தனை தரம் போனே?"

"ஒரே ஒரு தரம் அண்ணே. உள்ளே கும்மிருட்டு. மேலேயே போயிக்கிறேன்."

"நீ?"

நண்டு நெளிந்தது. "சம்பந்தி வந்தப்போ காட்டினேங்க. ரொம்ப மெச்சிக்கிட்டாங்க."

பெருச்சாளி கரையைப் பார்த்தது. மழைக்கு மழை தவளைகள் கூட்டமாகக் கரையைத் தாண்டும். ஆளுக்கொரு இடத்தில் பிறாண்டி ஏறி வழுக்கி விழும். மண் சரியும். அந்தச் சரிவுகளை ஒவ்வொரு முறையும் பூசியது பெருச்சாளிதான்.

"நீங்க ஏன் வழி கேக்கல?"

"எல்லாருந்தானே விழறோம்? அதைப் போய் என்னன்னு கேக்கிறது?" என்றது ஒரு தவளை.

பெருச்சாளி எல்லாச் சுரங்கங்களையும் இறுக அடைத்தது. கரையைக் குடையாமல், அதன் மேலேயே ஓரிடத்தில் கல் பதித்துப் படி அமைத்தது. தவளைகள் அதில் ஏறி இறங்கின. மண் சரிவது நின்றது.

"கேட்டவங்களுக்கெல்லாம் தோண்டினேன். சரிஞ்ச மண்ணைத் தினம் அள்ளியும் எனக்கு உறைக்கல. இந்த நீள மூக்கை வச்சுக்கிட்டு என்னத்தை மோந்தேனோ," என்று பெருச்சாளி சிரித்தது.

முட்டைக்குள் ஏதோ தட்டியது. "நீயும் இப்பவே வழி கேக்காதே, பொறு," என்றது ஆள்காட்டி.

ஏரிக்கரையானாலும், கணினி முழுவதையும் தாங்கும் அடிப்படை மென்பொருளான கர்னலானாலும் (kernel), எல்லோரும் நம்பி நிற்கும் அடித்தளத்தில் ஒருவர் கேட்டாரே என்று எந்த வசதியையும் சேர்க்கக் கூடாது. பலரும் ஒரே வேலையைத் தனித்தனியே செய்து தனித்தனியே தவறும்போதுதான் அங்கே ஒரு பொதுவழி வைக்க வேண்டும்.