நிச்சயம் சொன்ன குரங்கு

காட்டுக் குட்டையோரம் ஒரு நாவல் மரம். அதன் உச்சிக்கிளை சடையன் என்ற குரங்குக்குச் சொந்தம். "புலி இல்லை, இறங்குங்க!" என்று அவன் குரல் கொடுத்தால்தான் மான்கள் தண்ணீரில் வாய் வைக்கும். அது அந்தக் காட்டு வழக்கம். அந்த மரியாதையில் சடையனுக்குத் தலைகால் புரியாது!

அந்தக் கோடையில் ஒரு புலி குட்டையைச் சுற்றியே கிடந்தது. மான்கள் இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை. செவந்தி என்ற தாய்மானின் குட்டி நிற்கவும் முடியாமல் தள்ளாடியது.

மூன்றாம் நாள் காலை மற்ற மான்கள் சற்றுத் தள்ளிக் காத்து நிற்க, செவந்தி குட்டியோடு மரத்தடிக்கு வந்தாள். "அண்ணே, புலி போயிடுச்சா?"

"நிச்சயமா போயிடுச்சு!"

"நீங்க பார்த்தீங்களா?"

"காக்கா சொல்லுச்சு."

பக்கத்துக் கிளையில் இருந்த காக்கை பதறியது. "ஐயையோ! போயிருக்கும்னுதானே சொன்னேன்! அதுவும் அணில் பேச்சைக் கேட்டு!"

அணில் பொந்திலிருந்து எட்டிப் பார்த்தது. "நான் எங்கே சொன்னேன்? நேத்து உறுமல் கேக்கலை, ஒருவேளை போயிருக்குமோன்னு கேட்டேன். அவ்வளவுதான்!"

பாருங்கள் வேடிக்கையை! அணிலிடம் சந்தேகமாகப் பிறந்தது, காக்கையிடம் ஊகமாக வளர்ந்தது, சடையன் வாய்க்கு வந்ததும் நிச்சயமாகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு பிடி கூட்டிச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

சடையன் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் வீம்பு விடவில்லை. "இத்தனை வருஷத்துல என் சொல் தப்பியிருக்கா? நிச்சயம்னா நிச்சயம்!"

"சரி அண்ணே. நீங்க முதல்ல இறங்கி ஒரு வாய் குடிங்க. பின்னாலேயே என் பிள்ளையைக் கூட்டிட்டு வரேன்."

"இதென்ன பிரமாதம்!" என்று சடையன் இறங்கினான். கடைசிக் கிளை வரை வந்தான். அதற்கு மேல் கால் நகரவில்லை. எதிரே நாணல் புதர் ஆளுயரம் நின்றது. உள்ளே என்ன இருக்கிறதோ, யார் கண்டது? நாமே கால் வைக்கத் துணியாத இடத்துக்கா இந்தப் பிஞ்சை அனுப்பப் பார்த்தோம்!

"செவந்தி, நில்லு! எனக்குத் தெரியலை. புலி இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியவே தெரியாது!"

மான்கள் சட்டென்று பின்வாங்கின. நாணலுக்குள் பதுங்கியிருந்த புலி, இனி இரை வராது என்று கண்டு எழுந்தது. உறுமிக்கொண்டே மலைப் பக்கம் நடந்தது. அது மலை தாண்டி மறையும் வரை சடையன் கண்ணை எடுக்கவில்லை.

"போயிடுச்சு! என் கண்ணால பார்த்தேன், இறங்குங்க!"

குட்டி தள்ளாடியபடி போய்த் தண்ணீரில் வாய் வைத்தது.

நம் சொல்லை நம்பி ஓர் உயிர் அடி எடுத்து வைக்கும்போது, தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்வதே அறிவு.