மூன்று மலைகளைச் சுற்றிவந்த குரல்

மூன்று மலைகளுக்கு நடுவே ஒரு காடு. பகலிலும் அங்கே மூடுபனி விலகாது. அடுத்த மரத்தில் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. அந்தக் காட்டில் செம்பி என்ற மலை அணில் வாழ்ந்தது.

புலி வந்தாலும் தீப் பிடித்தாலும் செம்பிதான் மரம் மரமாகத் தாவிச் சொல்லும். காடோ பெரிது. கடைசி மானிடம் போய்ச் சேர்வதற்குள் புலி முந்திவிடும். அதனால் செம்பி ஓர் ஏற்பாடு செய்தது.

"இனி யாரையும் தேடிப் போக வேண்டாம்! கண்டதை உரக்கக் கூவுங்கள். முதல் மலை மைனா அதை அதே குரலில் இரண்டாம் மலைக்குக் கூவட்டும். அங்கிருந்து மூன்றாம் மலைக்குப் போகட்டும். கேட்டவர்கள் அவரவருக்குத் தோன்றியபடி தப்பிக்கொள்ளுங்கள்!"

ஏற்பாடு நன்றாக நடந்தது. தீ என்று கேட்டதும் மான்கள் ஓடின, முள்ளம்பன்றிகள் வளைக்குள் புகுந்தன. செம்பிக்குப் பெருமை தாங்கவில்லை.

"முதல் தடவை காதில் விழாதவர்கள் என்ன செய்வார்கள்?" என்று அது யோசித்தது. மூன்றாம் மலை மைனாவிடம் போனது. "நீயும் சும்மா இருக்காதே. கேட்டதை முதல் மலையைப் பார்த்துக் கூவு. எதையும் விட்டுவிடாதே!" என்றது.

அதற்குப் பிறகு ஒருநாள், ஓரி என்ற கருங்குரங்கு தண்ணீர் குடிக்கச் சுனையில் இறங்கியது. புதருக்குள் புலியின் கண்களைக் கண்டது.

"புலி! சுனைக்குப் புலி வந்து..."

அவ்வளவுதான். புலி அதன் கழுத்தைக் கவ்விவிட்டது. பாதியில் அறுந்த அந்தக் குரல் மலைக்கு மலை போனது. மற்ற விலங்குகள் எல்லாம் வடக்கே இருந்த ஓடைக்கு ஓடித் தப்பின.

மறுநாள் மான்கள் சுனையில் வாய் வைத்தன. பனிக்குள்ளிருந்து ஓரி கத்தியது.

"புலி! சுனைக்குப் புலி வந்து..."

"செத்தவன் கூப்பிடுகிறான்!" என்று அலறியபடி மான்கள் வடக்கு ஓடைக்கு ஓடின. சுனையில் புலி இல்லை. ஆனால் ஓடைக்குப் போன மான்களில் ஒன்று திரும்பவில்லை.

அந்தக் குரல் நிற்கவே இல்லை. காலையில் கேட்டது, உச்சிப்பொழுதில் கேட்டது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அறுந்தது. விலங்குகள் ஒவ்வொரு முறையும் ஓடைக்கு ஓடின. ஒவ்வொரு முறையும் ஒன்று குறைந்தது.

ஓரியின் துணை மின்னி மட்டும் ஓடவில்லை. கிளையில் அசையாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

செம்பிக்கு மயிர் சிலிர்த்தது. ஆனாலும் அந்தக் குரலைத் தேடிப் போனது. முதல் மலையில் கேட்ட குரல், செம்பி அங்கே ஏறுவதற்குள் இரண்டாம் மலைக்குப் போயிருந்தது. அங்கே போனால் மூன்றாம் மலையில் கேட்டது. மூன்றாம் மலையில், பனிக்குள் ஒரு மைனா அலகைத் திறந்தது. உள்ளிருந்து ஓரி கத்தியது!

"ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்று செம்பி கேட்டது.

"நீதானே சொன்னாய்? இரண்டாம் மலை சொல்கிறது, நான் முதல் மலைக்குச் சொல்கிறேன். அது மறுபடி இரண்டாம் மலைக்குச் சொல்கிறது."

"இது பழைய சேதி!"

"பழையதா புதியதா என்று அந்தக் குரலில் எங்கே இருக்கிறது?"

தன்னால்தான் இது நடந்தது என்று செம்பிக்குப் புரிந்தது.

"இனி இதைச் சொல்லாதே!"

"வேண்டாம்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மின்னி வந்திருந்தது. "அவர் குரல் ஒன்றுதான் எனக்கு மிச்சம். அதையும் கொன்றுவிடாதே!"

அப்போது கீழே, வடக்கு ஓடைப் பக்கம், ஒரு மான்குட்டி வீறிட்டது. பிறகு சத்தமே இல்லை. புலி அங்கேதான் காத்திருந்தது. ஓரியின் குரல் கேட்டால் இரை தன்னிடம் ஓடி வரும் என்று அது கற்றுக்கொண்டிருந்தது.

மின்னி ஓடைப் பக்கம் திரும்பியது.

"எல்லோரும் பிழைக்கட்டும் என்றுதான் அவர் கத்தினார்," என்றது. பிறகு மைனாவிடம், "போதும். வாயை மூடு," என்றது.

இரண்டாம் மலையிலிருந்து அந்தக் குரல் மறுபடி வந்தது. மைனா அதை விழுங்கிக்கொண்டது. காடு அமைதியானது.

அன்றே செம்பி எல்லா விலங்குகளையும் சுனையருகே கூட்டியது. "தவறு என்னுடையது. இனிக் கூவும்போது யார் பார்த்தது, எந்தப் பொழுதில் பார்த்தது என்பதை முதலில் கூவுங்கள். மைனாக்களே, ஒருமுறை கூவியதை மறுமுறை கூவாதீர்கள்!" என்றது.

மான்கள் பயந்து பயந்து தண்ணீரில் வாய் வைத்தன. ஒன்றும் கேட்கவில்லை. மின்னி மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

எப்போது நடந்தது என்று சொல்லாமல் சுற்றிவரும் சேதி, உண்மையாகவே இருந்தாலும் பொய்யைவிட அதிகமாகக் கொல்லும்.