கோதண்டராமன் கடிதம்

ஆயிரத்து இருநூறு கால்நடை மருத்துவர்கள் சேர்ந்திருந்த ஒரு மின்னஞ்சல் குழு. அதைத் தொடங்கிப் பன்னிரண்டு வருடமாகக் கட்டிக் காத்தவர் டாக்டர் நஸீமா. அவரிடம் மாடரேட்டர் வேலை பழக வந்தவர் டாக்டர் மகுடபதி. கால்நடைத் துறையில் இணை இயக்குநராக ஓய்வு பெற்றவர். குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். ஊரை வணக்கம் சொல்ல வைத்துப் பழகியவருக்குச் சீடனாக இருப்பது அத்தனை சுலபமில்லை. ஆனாலும் ஆசைப்பட்டுத்தான் வந்தார்.

அன்று காலை பதினொரு மணிக்கு நஸீமாவின் கால்நடை மருந்தகத்துக்குள் அவர் நுழைந்தபோது சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"மேடம், ஒரு தப்பு பண்ணிட்டேன்."

நஸீமா ஒரு வெள்ளாட்டின் குளம்பைக் கழுவிக்கொண்டிருந்தார். "சொல்லுங்க சார்."

மகுடபதி உட்காரவில்லை. நின்றபடியே கொட்டினார்.

பத்து நாளைக்கு முன் ஜெபஸ்டின் என்ற இளம் மருத்துவர் குழுவில் கேட்டிருந்தார்: மெலிந்த செம்மறிகளுக்கு மாட்டுக்கான தாது உப்புக் கலவை கொடுத்து வருகிறேன், தொடரலாமா? பெரியவர் கோதண்டராமன் பதில் போட்டார். அவர் வாய்க்குப் பயந்து, அவர் கடிதங்களை மட்டும் மாடரேட்டர் பார்த்த பிறகே குழுவுக்கு விடுவது வழக்கம். 'நிறுத்து. இன்றே நிறுத்து. அதிலிருக்கும் செம்பு செம்மறியைக் கொன்றுவிடும். படித்துத்தான் பட்டம் வாங்கினாயா?'

சின்னப் பையன் நொந்துபோவானே என்று மகுடபதி கடைசி வரியை எடுத்தார். எடுத்த கை அதோடு சும்மா இருந்ததா? 'நிறுத்துவது பற்றி யோசிக்கலாம். செம்பு சற்று அதிகமாக இருக்கக்கூடும்' என்று மற்றதையும் பூசி மெழுகி, கோதண்டராமன் பெயரிலேயே அனுப்பிவைத்தார்.

ஜெபஸ்டினும் யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் பதினோரு செம்மறிகள் மூத்திரம் கருஞ்சிவப்பாகிச் செத்துப்போயின. 'விஷயம் தெரிந்த பெரியவரே பட்டும் படாமலும் பேசி என்னைக் கெடுத்துவிட்டார்' என்று நேற்று அவர் குழுவில் எழுத, ஊரே கோதண்டராமன்மேல் பாய்ந்தது.

"அவர் என்ன சொல்றார்?"

"நிறுத்துன்னுதான் எழுதினேன்னு சொல்றார். ஒருத்தரும் நம்பலை. முப்பது வருஷமா வாங்கின பேரு மேடம். என்னால போகுது."

"அப்போ உண்மையை எழுதிடுங்க."

"எழுதினா நம்ம குழுவை இனி யார் நம்புவாங்க?"

நஸீமா மேசைமேலிருந்த மடிக்கணினியைத் தாடையால் காட்டினார்.

மகுடபதி உட்கார்ந்து தட்டினார். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக...'

நஸீமா எட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டர் என்ன சார் பண்ணுச்சு, பாவம்?"

அழித்தார். எழுந்து ஜன்னல்வரை போனார், வந்தார், மறுபடி போனார். திரும்ப உட்கார்ந்து எழுதினார். 'சில சொற்கள் மாற்றப்பட்டுவிட்டமைக்கு வருந்துகிறோம்.'

"எத்தனை பேர் சேர்ந்து மாத்தினீங்க?"

மகுடபதிக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்களே சரி பண்ணி அனுப்பிடுங்களேன்! உங்களுக்குத்தான் வார்த்தை வருது."

வெள்ளாட்டை அதன் சொந்தக்காரர் எப்போதோ ஓட்டிக்கொண்டு போயிருந்தார். நஸீமா காய்ந்திருந்த கைகளை மறுபடி வாளித் தண்ணீருக்குள் விட்டார்.

"கை ஈரம் சார்."

மகுடபதி அந்தக் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூன்று வரி எழுதினார். 'கோதண்டராமன் "இன்றே நிறுத்து" என்றுதான் எழுதினார். அவரிடம் கேட்காமல் அதை மாற்றியவன் நான். செத்த செம்மறிகளுக்கு அவர் பொறுப்பல்ல. மகுடபதி.' மறுபடி படித்துப் பார்க்காமலே அனுப்பினார்.

அதன்பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருபது நிமிடம் போயிற்று. அனுமதிக்காக ஒரு கடிதம் வந்து நின்றது. கோதண்டராமனுடையது.

'மகுடபதி என்னும் கழுதையே' என்று தொடங்கியது கடிதம். அதன் கீழே, மீதமிருக்கும் மந்தையை ஜெபஸ்டின் எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று மருந்தும் அளவும் வேளையும் தெளிவாக இருந்தன. இன்று மாலைக்குள் தொடங்கு என்று முடித்திருந்தார்.

மகுடபதியின் காது சுட்டது. குழுவில் முந்நூறு பேராவது அவரிடம் கைகட்டி நின்றவர்கள்.

"மேடம், இதை உடனே விட்டாகணும். மந்தை பிழைக்கணும்."

"விடுங்க."

"மொதல் வரியில என்னைக் கழுதைங்கிறார். மருந்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஒரு வார்த்தையை மட்டும்..."

நஸீமா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எடுங்க சார். அப்படியே இன்னொரு மூணு வரியும் எழுதி வச்சிடுங்க."

மகுடபதி அனுமதிப் பொத்தானை அழுத்தினார். கழுதை ஆயிரத்து இருநூறு பேருக்கும் போனது.