தனிஸ்லாஸ் சாரின் குரல்

"மேடம், நான் நாளைக்கே கிளம்பிடறேன். எனக்கு ஸ்டுடியோதான் லாயக்கு."

துறைத் தலைவி பூங்கோதை உட்காரச் சொல்லியும் தனிஸ்லாஸ் உட்காரவில்லை. முகத்தில் ஈயாடவில்லை.

சினிமாக் கதாநாயகர்களுக்குக் காலமெல்லாம் டப்பிங் குரல் கொடுத்தவர் அவர். ஐம்பது வயதுக்கு மேல் படித்து, ஆங்கிலப் பேராசிரியராக வந்து சேர்ந்தவர்.

பூங்கோதை அவரைவிட வயதில் சின்னவள். அவளும் நேர்வழியில் வந்தவள் இல்லை. நாடகக் குழுவில் திரை மறைவில் நின்று, நடிகர்கள் வசனம் மறந்தால் மட்டும் அடியெடுத்துக் கொடுத்தவள்.

"நிதானமாச் சொல்லுங்க சார். என்ன ஆச்சு?"

"வாய்மொழித் தேர்வுல என் வகுப்பு மொத்தமும் ஃபெயில்."

"மொத்தமுமா!"

"ஒரு பிள்ளைகூடத் தப்பல. கஷ்டப்படக் கூடாதேன்னு பாடத்தையெல்லாம் நானே பேசிப் பதிவு பண்ணிக் கொடுத்தேன். அதுங்க அச்சு அசலா அப்படியே பேசியிருக்குதுங்க. நான் இழுத்த இடத்துல இழுத்து, நிறுத்தின இடத்துல நிறுத்தி..."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார் அவர்.

"ஒரு கவிதைக்கு நடுவுல டீ குடிச்சேன் மேடம். சூடு. ஸ்ஸ்னு ஒரு சத்தம் பதிவாயிருக்கு. அதையும் ஒவ்வொண்ணா வந்து செஞ்சிருக்குதுங்க."

பூங்கோதைக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"வெளியூர்லருந்து தேர்வு நடத்த வந்தவர், 'என்ன சார், வகுப்புல பாம்பு வளர்க்கறீங்களா'ன்னு கேட்டார். சொந்தமாப் பேசினாத்தான் பாஸாம். திங்கக்கிழமை மறுபடி வர்றார். அதுலயும் கோட்டை விட்டா, பிள்ளைங்களுக்கு ஒரு வருஷம் போச்சு."

பூங்கோதை நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு கேட்டாள்:

"நீங்க குரல் கொடுத்த கதாநாயகர்களோட சொந்தக் குரல் எப்படி சார் இருக்கும்?"

"யாருக்குத் தெரியும்? ஒருத்தர் ஒரு தடவை மேடையில பேசினார். கீச்சுக் குரல். ஜனம் சிரிச்சிட்டுது. அதுக்கப்புறம் அந்த மனுஷன் எந்த மேடையிலயும் வாயைத் திறக்கல."

"வாங்க, வகுப்புக்குப் போவோம்."

இரண்டு பேரும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"வினோதா, இங்க திரும்பி நில்லும்மா. அந்தக் கவிதையில உனக்குப் பிடிச்சது எது? இங்கிலீஷ்ல சொல்லு," என்றாள் பூங்கோதை.

வினோதா எழுந்தாள். குச்சி மாதிரிப் பெண். வாயைத் திறந்ததும் கனத்த ஆண்குரல் ஒன்று வந்தது.

தனிஸ்லாஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவர் குரல்.

"அது சாரோடது. உன்னோடது எங்கே?" என்றாள் பூங்கோதை.

வினோதா தனிஸ்லாஸையே பார்த்தாள். மின்விசிறி மட்டும் கறகறவென்று சுற்றியது. பெண்ணின் கண் கலங்கியது.

பெற்ற மனம் பொறுக்காத மாதிரி, தனிஸ்லாஸ் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார்.

பட்டென்று அவர் வாயைப் பொத்தினாள் பூங்கோதை.

வகுப்பே விதிர்விதிர்த்துப் போனது. ஒரு பேராசிரியர் வாயை இன்னொரு பேராசிரியர் பொத்துவதா! கையை அவள் எடுக்கவில்லை.

அந்தக் கைக்குள்ளேயும் அவர் உதடு அசைந்தது.

அங்கே, அவரையே பார்த்துக்கொண்டிருந்த வினோதாவின் உதடும் அதே மாதிரி அசைந்தது.

அவர் நிறுத்தினார். அதுவும் நின்றது.

ஐயோ, கடவுளே.

தனிஸ்லாஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

யாரும் அசையவில்லை. எவ்வளவு நேரமோ.

பிறகு முன்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கீச்சென்று, நடுங்கி, இங்கிலீஷைத் தப்பும் தவறுமாக உடைத்துக்கொண்டு. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குரல் நின்றது.

தனிஸ்லாஸ் பதறி எழப்போனார். கை இன்னும் அழுத்தியது.

வினோதா தானும் சிரித்துவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

பூங்கோதை கையை எடுத்தாள். ஈரமாக இருந்தது.

மெதுவாகக் கேட்டாள்: "நாளைக்குக் கிளம்பணும்னீங்களே, சார்?"

"ஷ்..." என்றார் தனிஸ்லாஸ். "பிள்ளை பேசுது."