துரை கேட்ட கிணறு

முன்னொரு காலத்தில், கடலோரமாக இருந்த ஒரு ராஜ்ஜியத்தை உக்கிரசேனர் என்று ஒரு மன்னர் ஆண்டுவந்தார். பேரில்தான் உக்கிரம், ஆள் வெண்ணெய். ஆனால் மனசில் ஓர் ஆசை முளைத்துவிட்டால் போச்சு. ஒரு தடவை பட்டத்து யானைக்குப் பல்லக்குச் செய்யச் சொன்னார். தூக்க ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் யானையே அந்தப் பல்லக்கைச் சுமந்துகொண்டு ஊர்வலம் போயிற்று.

அவர் சபையில் விகடம் சொல்லிப் பிழைத்தவன் கோனேரி. நாக்கு கொஞ்சம் நீளம். அந்த நாக்கு ஒரு நாள் துபாஷி சேஷாசலத்தின் மேல் பட்டுவிட்டது. வெள்ளைக்காரத் துரைமார் வந்தால் அவர்கள் பேச்சை மன்னருக்கும், மன்னர் பேச்சை அவர்களுக்கும் மாற்றிச் சொல்கிறவர்தான் துபாஷி.

"துபாஷியார் இங்கிலீஷ் பேசினால், வாயில் சுடுசோற்றை வைத்துக்கொண்டு மந்திரம் சொல்வதுபோல இருக்கிறது. இதை நானும் பேசுவேன்" என்றான் கோனேரி.

சபை கொல்லென்று சிரித்தது. சேஷாசலமும் சிரித்தார், பல்லால் மட்டும்.

ஒரு மாதம் கழித்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. பில்பெர்ரி துரை என்பவர் மன்னரைப் பார்க்க வந்திருந்தார். அன்றைக்கென்று சேஷாசலம் கழுத்தில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு சபைக்கு வந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி ஓலையில் எழுதி நீட்டினார்: 'அடியேனுக்குக் குரல் போய்விட்டது. இங்கிலீஷ் பேசுவதாகக் கோனேரி சொன்னது நினைவிருக்கலாம். இங்கே அவன் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு?'

மன்னர் துள்ளிக் குதித்தார். "ஆகா! கோனேரி, நாளைக் காலையில் நீதான் துபாஷி. பேசினால் பரிசு. பேசாவிட்டால் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி, எல்லைக்கு அப்பால் விட்டுவிடுவேன்."

கோனேரி நேரே கடற்கரையில் போட்டிருந்த துரையின் கூடாரத்துக்கு ஓடினான். அங்கே துரையின் சமையல்காரன் சவரிராயன் கோழிக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நாளைக்குள்ள எனக்கு இங்கிலீஷ் வேணும்."

"எவ்வளவு வேணும்?"

"கழுதை மேல ஏறாம இருக்கிற அளவுக்கு."

சவரிராயன் கோழியைக் கீழே வைத்தான். "பதினோரு வருஷமா நான் ஒரே வார்த்தையிலதான் காலத்தை ஓட்டறேன். வெல்."

"யாரை வெல்லணும்?"

"யாரையும் வெல்ல வேணாம். அது இங்கிலீஷு. உடம்பு சுகமான்னு கேட்டா, வெல். பதில் தெரியலைன்னா இழுத்து, வெ...ல். ஆச்சரியமா இருந்தா மூணு தரம். 'என்னய்யா ஆச்சு'ன்னு அதட்டணுமா? புருவத்தைத் தூக்கிக்கிட்டு, வெல்? தண்ணி இறைக்கிற கிணறு இருக்கே, அதுக்கும் வெல்தான். கண்ணுல தண்ணி பொங்கினாலும் வெல்தான்."

"சுகத்துக்கும் கிணத்துக்கும் ஒரே வார்த்தையா? அவங்க ஊர்ல யாரும் கிணத்துல விழறதில்லையா?"

"விழுந்தா என்ன பண்றது? உள்ளேயிருந்து வெல்லுன்னு கத்தினா, சுகமா இருக்கான்னு நினைச்சுக்கிட்டுப் போயிடுவாங்க."

கோனேரி வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையை உருட்டிக்கொண்டே போனான். எதிரே வந்த வண்டிக்காரனின் மாடு, தன்னைத்தான் அதட்டுகிறான் என்று நினைத்து நின்றுவிட்டது.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. காற்றுப் படக்கூடாது என்று வைத்தியர் சொன்னதாகச் சேஷாசலம் ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். துரை வந்து தொப்பியைக் கழற்றி, மன்னரைப் பார்த்து என்னவோ கேட்டார்.

"வெல்!" என்றான் கோனேரி.

துரை முகம் மலர்ந்தது.

"என்ன வினவுகிறார்?" என்றார் மன்னர்.

"தங்கள் தேக சுகத்தை விசாரிக்கிறார், பெருமானே."

பிறகு துரை கைகளால் அலையடித்துக் காட்டி, அரை நாழிகை கடல் பயணத்தைப் பற்றிப் பேசினார். கோனேரி கண்ணை அகல விரித்து, "வெல், வெல், வெல்!" என்றான். துரைக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு பொறுமையாக அவர் கதையை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"அவ்வளவு நீளமான பேச்சுக்கு மூன்றே சொல்லா?" என்று வியந்தார் மன்னர்.

"சிக்கனமான பாஷை, பெருமானே."

அடுத்து துரை ஒரு காகிதத்தையும் படத்தையும் மேசைமேல் விரித்தார். படத்தில் அவர் விரல் போய் ஊன்றிய இடத்தைக் கோனேரி குனிந்து பார்த்தான். முத்துத்துறை! இருநூறு படகுகள் கட்டிக்கிடக்கும் துறை. அவன் மைத்துனர்கள் இருவரும் அங்கேதான் வலை போட்டுப் பிழைத்தார்கள். காகிதத்தின் அடியில் 'இங்கே முத்திரை' என்று தமிழில் எழுதியிருந்தது. அந்த 'ங்'குக்கு ஒரு தனிச் சுழி. நேற்று குரல் போனவர் நீட்டிய ஓலையில் இருந்த அதே சுழி!

'அடப்பாவி! துறையை நீ விற்றுவிட்டு, பழியை என் தலையில் கட்டப் பார்க்கிறாயா?' என்று நினைத்தான் கோனேரி.

இதற்குள் மன்னர் முத்திரையை எடுத்துவிட்டார். முத்திரை குத்துவதென்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. மாம்பழத்தைக்கூட விடமாட்டார். கோனேரி சட்டென்று வெற்றிலைத் தட்டை எடுத்துக் காகிதத்தின்மேல் வைத்தான்.

துரை புருவத்தைத் தூக்கினார். "வெல்?"

"வெ...ல்..." என்று இழுத்தான் கோனேரி.

"வெல்?"

"வெ......ல்..."

துரை மேசையைக் குத்தினார். "வெல்!"

"என்னதான் கேட்கிறார்? சொல்!" என்றார் மன்னர்.

துறையைக் கேட்கிறார் என்று சொன்னால் மன்னர் மறுப்பார். கப்பலில் பீரங்கி இருக்கிறது. சொல்லாவிட்டால் வாசலில் கழுதை நிற்கிறது. கோனேரி கையைக் கூப்பினான்.

"கிணறு கேட்கிறார், பெருமானே. தங்கள் காதாலேயே கேட்டீர்களே! வெல் என்றால் இங்கிலீஷில் கிணறு."

"கிணறா? இதற்கா ஏழு கடல் தாண்டி வந்தார்! கொடுத்தோம்!"

எழுத்தர் ஓலையில் எழுதினார்: குதிரை லாயத்துக்குப் பின்னால் இருக்கும் பாழுங்கிணறு, சந்திர சூரியர் உள்ளவரை துரைக்கே. மன்னர் ஆசை தீர முத்திரை குத்தினார். மேளம் முழங்கியது. இந்த நாட்டில் ஓலையில்தான் எழுதிக் கொடுப்பார்கள் போலிருக்கிறது, துறை கிடைத்துவிட்டது என்று துரை பூரித்துப் போனார்.

"வெரி வெல்! வெரி வெல்!"

"இப்போது என்ன?"

"கிணற்று வெறி பிடித்துவிட்டது, பெருமானே."

"பாவம், இத்தனை நாள் உப்புத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தவர். பக்கத்தில் கிடக்கும் இன்னொரு கிணற்றையும் எழுதும்!"

இரண்டு ஓலையையும் மார்போடு அணைத்துக்கொண்ட துரை, விடைபெறத் தலை குனிந்தார். "ஃபேர்வெல்."

"பேர் வெல் என்கிறார். கிணற்றுக்குப் பேர் வைக்க வேண்டுமாம்."

"நியாயம்தானே! பில்பெர்ரி கிணறு என்று எழுதும்!"

அவ்வளவுதான். திரை படாரென்று விலகியது. "ஐயோ, கிணறு இல்லை! துறை! முத்துத்துறை!" என்று அரண்மனை அதிரக் கத்திக்கொண்டு சேஷாசலம் ஓடிவந்தார்.

"துபாஷியாருக்குக் குரல் வந்துவிட்டது!" என்று கைதட்டினான் கோனேரி. பிறகு வெற்றிலைத் தட்டை நகர்த்தினான். "பெருமானே, இந்தக் காகிதத்தில் உள்ள 'ங்'கையும், நேற்றைய ஓலையில் உள்ள 'ங்'கையும் கொஞ்சம் பார்த்தருள வேண்டும்."

மன்னர் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் முகம் பேருக்கு ஏற்றபடி ஆயிற்று. "சேஷாசலம்! ஓலையில் உள்ளதை உள்ளபடி துரைக்குச் சொல்லும். ஒரு சொல் மாறினாலும் உமக்கு நாக்கு இராது."

சேஷாசலம் ஒரு சொல் விடாமல் சொன்னார். துரையின் முகம் பழுத்த மிளகாயாயிற்று. கை மெல்ல வாளுக்குப் போயிற்று. காவலர்கள் வேல்களை இறுக்கிப் பிடித்தார்கள். துரை கோனேரியையே முறைத்தார்.

கோனேரியிடம் இருந்தது ஒரே வார்த்தை. இரண்டு கையையும் விரித்து, அழுகிற குரலில் கேட்டான்: "வெல்...?"

துரையின் மீசை துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டா இவன் காலையிலிருந்து தன்னைக் கட்டி மேய்த்தான் என்று புரிந்ததும், மேசையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். கப்பலில் குடிதண்ணீர் தீர்ந்துபோய் மாலுமிகள் முணுமுணுத்துக்கொண்டிருந்ததும் அவருக்கு ஞாபகம் வந்தது. துறையைக் கேட்ட காகிதத்தை அவரே நாலாகக் கிழித்துவிட்டு, ஓலைகளைச் சட்டைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார்.

"துரை கண்ணில் தண்ணீர் வருகிறதே?" என்றார் மன்னர்.

"அதுவும் வெல்தான், பெருமானே."

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் உருண்டு லாயம்வரை ஓடிற்று. தன் முத்துமாலையைக் கழற்றிக் கோனேரிக்குப் போட்டு, "இனி நீயே இந்தச் சபைக்குத் துபாஷி!" என்றார்.

"வேண்டாம், பெருமானே! ஒரு வார்த்தைக்கே இரண்டு கிணறு போய்விட்டது. இன்னொன்று கற்றுக்கொண்டால் அரண்மனை மிஞ்சாது."

மன்னர் மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார். அன்று இராச்சாப்பாடுவரை அவர் ஓயவில்லை என்கிறார்கள்.

இரண்டு கிணறும் தூர்ந்து கிடந்ததால், அவற்றைத் தூர்வாரும் பொறுப்பு சேஷாசலத்துக்குக் கிடைத்தது. இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு அவர் இரண்டு பாஷையிலும் திட்டினார். மேலே கயிறு பிடித்தவர்களுக்கு ஒன்று புரிந்தது, ஒன்று புரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்தே சிரித்துவிட்டு, அடுத்த கூடையை உள்ளே இறக்கினார்கள்.