முதுகு சொறியும் குச்சிக்கு ஒரு எண்

சுங்க அலுவலகம் ஒன்றில் தணிகைவேலன் என்றொரு சூப்பரின்டெண்ட் இருந்தார். வெளிநாடு போகிற ஒவ்வொரு வகைச் சாமானுக்கும் ஒரு சுங்க எண் உண்டு. அந்த எண் சரிதான் என்று அவர் ஒத்துக்கொண்டால்தான் பார்சல் நகரும். ஒத்துக்கொள்வதுதான் அவருக்குப் பிடிக்காத வேலை.

ஆன்லைன் கடையில் பார்சல் கட்டும் பாத்திமுத்து, கனடாவுக்குப் போகவேண்டிய இருநூறு முதுகு சொறியும் குச்சிகளோடு வந்து நின்றாள். மரச்சாமானுக்குரிய எண்ணைப் போட்டிருந்தாள்.

"மரச்சாமானா? உடம்புல படுதில்ல? அப்ப இது மருத்துவக் கருவி. டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டா. ஒரு குச்சி இங்க இருக்கட்டும், பரிசோதிக்கணும்."

மூன்று வாரம் நடையாய் நடந்தாள். கடைசி நாளும் வந்தது; அன்றைக்குப் பார்சல் கிளம்பாவிட்டால் ஆர்டரும் போச்சு, அவள் வேலையும் போச்சு.

போய்க் கதவைத் தள்ளினால், பரிசோதனைக் குச்சி அய்யாவின் சட்டைக் காலருக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிச் சொக்கிப்போயிருந்தார்.

பாத்திமுத்து வெளியே வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக் கத்தினாள்: "எல்லாரும் தள்ளி நில்லுங்க! சாருக்கு வைத்தியம் நடக்குது. என்ன நோயோ, ஒட்டிக்குமோ என்னமோ!"

வரிசை மொத்தமும் இரண்டடி பின்னால் போனது.

தணிகைவேலன் துள்ளி எழுந்தார். "எனக்கு ஏதும்மா நோய்? சும்மா அரிச்சுது, சொறிஞ்சேன்!"

"அப்ப வெறும் மரக்குச்சிதானே சார்? அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார். பாத்திமுத்து குச்சிக்காகக் கையை நீட்டினாள்.

"அது இருக்கட்டும்," என்றார் அவர். "பரிசோதனை இன்னும் முடியல."