லுவெத் ஆறு வளைந்த கதை

அந்தக் காலத்தில் ஆறுகளுக்கும் பேச்சு இருந்தது. பிரான்ஸ் நாட்டின் உட்பகுதியில், மேய்ச்சல் நிலங்களுக்கும் ஆப்பிள் தோப்புகளுக்கும் நடுவே லுவெத் என்றொரு சிற்றாறு ஓடியது. அப்போது அது கயிறு கட்டி இழுத்தாற்போல் நேராகத்தான் ஓடியது.

அதன் கரையில் பெரீன் என்ற சலவைக்காரி தனியாக வாழ்ந்தாள். ஒரு கல் வீடு, அதை ஒட்டி முட்டைக்கோஸ் தோட்டம். வேறு சொத்து அவளுக்கில்லை.

அந்தப் பக்கத்துப் பிரபுவுக்குத் தன் கோட்டை அகழியில் அன்னங்கள் நீந்த வேண்டுமென்று ஆசை வந்தது. பெரீன் வீட்டருகே ஆற்றின் குறுக்கே கல்லணை எழுப்பித் தண்ணீர் முழுவதையும் அகழிக்குத் திருப்பச் சொன்னான். கீழே இருந்த ஊர்களில் மாடுகள் சேற்றை நக்கின. பெரீன் கோட்டை வாசலுக்கே போனாள்.

“கீழே இருக்கிறவர்கள் எதைக் குடிப்பார்கள், பிரபுவே?”

“என் நிலத்தில் ஓடுவது என் ஆறு. நீ வேறு எங்காவது போய்த் துவை.”

அவள் திரும்பி வந்தபோது ஆறு அணைக்குப் பின்னால் தேங்கி நின்றது.

“மூச்சு முட்டுகிறது, பெரீன்.”

“அணையை உடைக்க முடியாதா?”

“எனக்கு அவ்வளவு பலமில்லை. இந்தக் கரையில் ஓரிடத்தில்தான் மண் இளகியிருக்கிறது.” ஆறு தயங்கியது. “அது உன் தோட்டம்.”

பெரீன் வீட்டைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்துக் கரையை வெட்டினாள். “வா” என்றாள்.

முட்டைக்கோஸ்களை அடித்துக்கொண்டு, சுவரைச் சாய்த்துக்கொண்டு, ஆறு அணையைச் சுற்றி வளைந்து ஓடியது. பிரபு குதிரையில் விரைந்து வந்தான்.

“பைத்தியக்காரி, உன் வீட்டையே இடித்துவிட்டாயே?”

“வீடு என்னுடையது, இடித்தேன். ஆறு உங்களுடையது இல்லை.”

பிரபு சற்றுத் தள்ளி இன்னோர் அணை கட்டினான். அங்கே மாடு மேய்க்கும் கஸ்பார் தன் புல்வெளியை வெட்டி வழிவிட்டான். அடுத்த அணைக்கு ஓர் ஊரே திரண்டு தன் ஆப்பிள் தோப்பைக் கொடுத்தது. அணைக்கு ஒரு வளைவாக ஆறு போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கல் வெட்ட ஆள் வரவில்லை. வறண்ட அகழியில் காஞ்சொறிச் செடி முளைத்தது. அதுவரை கஸ்பாரின் தொழுவத்தில் தங்கியிருந்த பெரீனுக்கு ஊரார் முதல் வளைவிலேயே புது வீடு கட்டித் தந்தார்கள்.

அன்று தொடங்கியதுதான், சிற்றாறுகள் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போவது. லுவெத் எல்லார் வாசலுக்கும் வளைந்து போகிறது. கோட்டைப் பக்கம் மட்டும் இன்றுவரை அது திரும்பவில்லை.